உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்மரக் காடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களில் பாதிப் பேர் வழியில் வண்டியை ஓரங்கட்டுவார்கள். வெள்ளை வெளேரென்று குவித்த உப்புக்கு முன்னால் செல்ஃபி எடுப்பார்கள். பிறகு நேராகப் புதுச்சேரி. அதே விழுப்புரம் மாவட்டத்தில், உள்ளே தள்ளி, 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஊர் திருவக்கரை. சங்கராபரணி ஆற்றங்கரை ஊர். மயிலத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் பிரிந்து போக வேண்டும். வக்கிரகாளியம்மன் கோயில் என்றால் எல்லோருக்கும் தெரியும். பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டம் கல்மரப் பூங்காவின் வாசலைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகிறது.

உள்ளே போனால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். நிமிர்ந்து நிற்கும் மரம் ஒன்றுகூட இல்லை. செம்மண்ணில் படுத்துக் கிடக்கும் கட்டைகள்தான். கிட்டப் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். நார் ஓடியிருக்கிறது, கணு தெரிகிறது, பட்டை உரிந்தது போல விளிம்பு இருக்கிறது. தட்டினால் கல். சில கட்டைகள் 15 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸைவிட நீளம்.

இவை எப்படிக் கல்லாயின? உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்த மாதிரி. பாத்தியில் தண்ணீர் போய்விடுகிறது, அதில் கரைந்திருந்த உப்பு தங்கிவிடுகிறது. இங்கே கரைந்திருந்தது உப்பு அல்ல, சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். வெள்ளம் அடித்து வந்து போட்ட மரங்கள் மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் புதைந்தன. காற்று புகாததால் மட்கிப்போகவில்லை. நிலத்தடி நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்காவைப் படிய வைத்தது. மரம் போனது, அதன் அச்சு கல்லில் நின்றது. மரங்கள் இங்கேயே வளர்ந்தவை அல்ல என்பதற்கும் அடையாளம் இருக்கிறது: வேரும் இல்லை, கிளையும் இல்லை, இலையும் இல்லை. உருண்டு வந்ததில் எல்லாம் ஒடிந்துவிட்டன.

இந்த மணற்கல் படுகைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். ஆரோவில்லின் சிவப்பு மேடும் இதுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும் இதுதான். அங்கே தாவரம் கரியானது, இங்கே கல்லானது. புளி, மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களை ஆய்வாளர்கள் இங்கே அடையாளம் கண்டிருக்கிறார்கள். கேட்டால் பக்கத்து வீட்டு மரம் மாதிரிதான் இருக்கிறது.

இன்னும் பழசு வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் போக வேண்டும். அங்குள்ள 18 மீட்டர் கல்மரத்துக்கு வயது சுமார் 12 கோடி ஆண்டு. உலகப் புகழ் பெற்றதோ அமெரிக்காவின் அரிசோனா கல்மரக் காடு. அது 20 கோடி ஆண்டையும் தாண்டியது.

திருவக்கரையைப் பற்றி 1781லேயே எழுதியவர் சொனரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். ஊரார் சொல்லும் கதை வேறு: வதம் செய்யப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள்தாம் இவை. அந்தக் கட்டைகளைப் பார்த்தால், எலும்பு என்று தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்து, வேலி போட்டுக் காக்கிறது. மொத்தம் 247 ஏக்கர், பல துண்டுகளாக. மக்கள் பார்ப்பது அதில் சிறு பகுதி. சுற்றிலும் கல் குவாரிகள், கிரஷர்கள். லாரிப் புழுதியைத் தாண்டித்தான் பூங்காவுக்கு வர வேண்டியிருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு பழைய கல்லைக் காக்கிற ஊரிலேயே கல்லை உடைக்கிற சத்தம் ஓய்வதில்லை. இதற்கு நடுவே, ஞாபகார்த்தமாக ஒரு சில்லு எடுத்துக்கொண்டு போகிற சுற்றுலாப் பயணியும் உண்டு. ஒரு சில்லுதானே என்று ஆளுக்கொன்று எடுத்தால், மறுபடி முளைக்காது இது.

நிழல் குறைவு. வெயிலேறுவதற்குள், காலை 10 மணிக்கு முன் போய்விடுவது நல்லது. தண்ணீர் பாட்டில் கட்டாயம். குழந்தைகளைக் கட்டை மேல் ஏற விடாதீர்கள். பௌர்ணமிக்குப் போகிறவர்கள் வழியிலேயே இறங்கிப் பார்த்துவிடலாம். கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.