படை நீங்கிய நிலம் யாருக்கு?

சேலம், நாமக்கல் சமவெளிக்கு நடுவே எழுந்து நிற்கும் சங்ககிரி மலைக்கோட்டை, திப்பு சுல்தானின் படையும் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் தங்கியிருந்த இடம். 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் அங்கேதான். இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வீரர்கள் நடமாடிய இடங்களில் முட்புதரும் புல்லும் மண்டியிருக்கின்றன. மலையேறும் போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி இது: படை வெளியேறிய பிறகு ஒரு நிலம் என்னவாகிறது? அது யாருக்கு உரியதாகிறது?

கோட்டைகளின் காலத்தில் இது சிறிய கேள்வி. பீரங்கியும் டாங்கியும் வந்த பிறகு படைப்பயிற்சிக்குப் பல்லாயிரம் ஹெக்டேர் நிலம் தேவைப்பட்டது. பனிப்போர் முடிந்ததும் ஐரோப்பாவில் அத்தகைய பரப்புகள் பல கைவிடப்பட்டன. அவற்றுள் கணிசமானவை இன்று இயற்கைக் காப்பகங்கள். குண்டு விழுந்த மண்ணில் உயிரினம் எப்படிப் பெருகியது என்பதை அறிந்தால், நம் ஊர்ப் பொட்டல் நிலங்களைப் பார்க்கும் பார்வையும் மாறும்.

டாங்கி உழுத நிலம்

பெர்லின் நகருக்கு மேற்கே இருக்கிறது டோபரிட்ஸ் புல்வெளி. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் அங்கே படை ஒத்திகை நடத்தினார். 1890களில் அது நிரந்தரப் பயிற்சித் தளமானது. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியப் படைகள் அதைப் பயன்படுத்தின. 1945க்குப் பிறகு சோவியத் படை வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதுவும் வெளியேறியது. வனவிலங்குத் திரைப்படங்களால் புகழ்பெற்ற ஹைன்ஸ் சீல்மனின் அறக்கட்டளை 2004இல் அங்கே ஏறத்தாழ 3,600 ஹெக்டேரை வாங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு பகல் முழுவதும் அங்கே நடந்தேன். மணற்பாங்கான தரை, முழங்காலளவுப் புல், இடையிடையே சிறு மரங்கள். நாமக்கல் பக்கத்து மேய்ச்சல் காடுகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. குறியிட்ட பாதையை விட்டு விலகினால் வெடிபொருள் ஆபத்து என்று எச்சரிக்கும் பலகைகள்தாம் அந்நியமாக இருந்தன.

இந்த வளத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, நூறாண்டுகளுக்கு மேலாக அந்த மண்ணில் ஏர் ஓடவில்லை, உரமும் பூச்சிக்கொல்லியும் விழவில்லை, வீட்டுமனைகள் எழவில்லை. இரண்டாவது, டாங்கிகளின் சக்கரப்பட்டைகள் புல்லைக் கிழித்து வெறும் மணலை வெளிப்படுத்தின. மண்ணில் வளை தோண்டும் குளவிகளுக்கும் பல்லிகளுக்கும் அத்தகைய வெறுந்தரை வேண்டும். சக்கரத் தடங்களில் தேங்கிய மழைநீர் தவளைகளின் பிறப்பிடமாயிற்று. மூன்றாவது, குண்டுகளால் அவ்வப்போது பற்றிய தீ, புதர்கள் காடாக மூடிக்கொள்வதைத் தடுத்தது. இவ்வாறு, வேறெங்கும் வேளாண்மையும் நகரமும் விழுங்கிவிட்ட திறந்த புல்வெளி, படையின் வேலிக்குள் மட்டும் தப்பிப் பிழைத்தது. ஒரே ஆண்டில் எல்லா இடமும் கலைக்கப்படவில்லை என்பதும் முக்கியம். ஓரிடம் கலையும்போது மற்றோரிடம் ஆறியது.

படை போனதும் சிக்கல் தலைகீழாயிற்று. கலைப்பார் இல்லாத நிலத்தில் மரங்கள் நெருங்கி வளர, வெட்டவெளியை நம்பி வாழும் பறவைகளும் பூச்சிகளும் இடமிழக்கத் தொடங்கின. அதனால்தான் ஐரோப்பியக் காட்டெருமைகளையும் பிரெவால்ஸ்கி குதிரைகளையும் கொண்டுவந்து வேலியிட்ட மையப்பகுதியில் மேயவிட்டார்கள். டாங்கி செய்த வேலையை இன்று குளம்புகளும் பற்களும் செய்கின்றன. வேலியிட்டு விட்டுவிடுவது மட்டும் காப்பகம் ஆகாது என்பது டோபரிட்ஸ் தரும் முதல் பாடம்.

பசுமைப் போர்வைக்கு அடியில்

இரண்டாவது பாடம் கசப்பானது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கஹோஓலவே, 116 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. 1941 முதல் 1990 வரை அமெரிக்கப் படைகள் அதைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தின. ஹவாய்ப் பூர்வகுடிகள் 1976 முதல் தீவுக்குள் நுழைந்து நடத்திய போராட்டத்தின் பயனாகப் பயிற்சி நின்றது. தீவு 1993இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு காலம், சுமார் 40 கோடி டாலர் செலவிட்டும், மேற்பரப்பில் முக்கால் பங்குதான் துப்புரவாயிற்று. ஆழம்வரை தோண்டிச் சோதிக்கப்பட்டது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

புவேர்ட்டோ ரிக்கோவின் வியேக்கெஸ் தீவில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி 2003இல் முடிந்தது. குண்டு விழுந்த பகுதி வனவிலங்குப் புகலிடத்தோடு சேர்க்கப்பட்டு, மக்கள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. மனிதர் குடியேறும் நிலமென்றால் ஆழமாகத் தூய்மைப்படுத்த வேண்டியிருக்கும். விலங்குகளுக்கான நிலமென்றால் குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்று அன்று எழுந்த விமர்சனத்தைப் புறந்தள்ள முடியாது. காப்பகம் என்ற நல்ல பெயர் சில நேரங்களில் கடமையிலிருந்து நழுவும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

காஷ்மீரின் புல்வெளி

இந்தியாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு காஷ்மீரின் பட்காம் மாவட்டத்திலுள்ள தோசமைதான். கோடையில் ஆடுமாடுகள் மேயும் மலைப்புல்வெளி அது. 1964இல் 50 ஆண்டுக் குத்தகைக்கு இராணுவத்திடம் சென்று பீரங்கிப் பயிற்சிக் களமானது. வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகளை மேய்ப்பர்களும் சிறுவர்களும் அறியாமல் தொட்டனர். அந்த ஐம்பது ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக அப்பகுதி மக்கள் கணக்குச் சொல்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே குத்தகை விவரங்களை வெளிக்கொணர்ந்த கிராம மக்கள், அதைப் புதுப்பிக்கக் கூடாது என்று போராடினர். 2014 ஏப்ரலில் குத்தகை முடிந்தது. இராணுவம் குண்டுகளை அகற்றும் பணியை மேற்கொண்டது. 2016இல் புல்வெளி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதன் பின்னும் மண்ணில் மிஞ்சிய குண்டு வெடித்து உயிர்ப்பலி நேர்ந்திருக்கிறது.

ஜார்க்கண்டின் நேதர்ஹாட்டில் பழங்குடி மக்கள் 1990களில் தொடங்கி முப்பதாண்டு காலம் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சிக் களத்தை எதிர்த்தனர். அந்த அறிவிக்கையை நீட்டிப்பதில்லை என்று மாநில அரசு 2022 ஆகஸ்டில் முடிவெடுத்தது.

ராஜஸ்தானின் பொக்ரான் நிலைமை வேறு. நாட்டில் 150க்கும் குறைவாக எஞ்சியுள்ள கானமயில்களில் ஒரு பகுதி, இன்றும் பயன்பாட்டிலுள்ள இராணுவப் பயிற்சிக் களத்துக்குள்தான் வாழ்கிறது. படையின் வேலி ஓரிடத்தில் உயிரைக் காக்கிறது. மற்றோரிடத்தில் உயிரை எடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத எந்த முடிவும் அரைகுறையானது.

நம் பொட்டலின் கணக்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் பீரங்கிக் களம் இல்லை. ஆனால் ஏர் படாத, உரம் விழாத திறந்த நிலங்கள் இங்கும் உண்டு. மேய்க்கால் புறம்போக்கு, ஏரிக்கரைகள், குன்றுகளின் அடிவாரங்கள் ஆகியவை அவை. கௌதாரியும் வானம்பாடியும் ஆள்காட்டியும் தரையில் முட்டையிடும் இடங்கள் இவையே. சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரைத் தாங்கி நிற்கும் செம்மறியாட்டினம் உருவானதும் இத்தகைய மேய்ச்சலில்தான். டோபரிட்ஸில் பெரும் பொருட்செலவில் குதிரைகளைக் கொண்டுவந்து செய்யும் பணியை, இங்கே ஆட்டு மந்தைகள் கூலியின்றிச் செய்துவருகின்றன. மேய்ச்சல் நின்ற இடங்களை எது பிடித்துக்கொள்கிறது என்பதைச் சீமைக்கருவேலம் மூடிய எந்த ஏரியிலும் காணலாம்.

அரசுப் பதிவேடுகளிலோ இந்நிலத்தின் பெயர் பெரும்பாலும் ‘தரிசு’. பயனற்றது என்று எழுதப்பட்ட நிலம்தான் முதலில் கைமாறும். பாதுகாப்புத் தளவாட உற்பத்திக்கான தமிழ்நாட்டுத் தொழில்வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் சேலமும் ஒன்று. தொழில் வேண்டும், வேலைவாய்ப்பும் வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்தத் தொழிலுக்காயினும் ஒரு மேய்ச்சல் நிலத்தை ஒதுக்குவதற்கு முன், அங்கே என்ன வாழ்கிறது, யார் மேய்க்கிறார்கள் என்று எழுதிவைப்பது குறைந்தபட்சக் கடமை.

சட்டத்தில் வழி இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மக்களின் ஒத்துழைப்போடு அரசு நிலத்தைக் காக்க இடமளிக்கும் பிரிவு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அதன்கீழ் திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர் 2005இல் பறவைகளுக்கான காப்பகமானது. மேய்ப்பரை வெளியேற்றாமல் நிலத்தைக் காக்க இத்தகைய ஏற்பாடுகளே பொருத்தமானவை.

ஐரோப்பா தன் புல்வெளிகளைப் பெரும்பாலும் இழந்த பிறகு, எஞ்சியவற்றைப் போர்க்களத்து வேலிக்குள் கண்டெடுத்தது. நம்மிடம் எஞ்சியவை ஊர் எல்லையிலேயே, வேலியின்றிக் கிடக்கின்றன. அவற்றில் குண்டுகள் புதைந்திருக்கவில்லை. அகற்ற வேண்டியது பதிவேட்டில் உள்ள ‘தரிசு’ என்ற ஒரு சொல் மட்டும்தான்.