சிறைவாசியின் மருத்துவ உரிமை

நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் நாம் வீட்டாரை எழுப்புவோம். 108 என்னும் எண்ணை அழைப்போம். சிறைவாசிக்கு இவை இயலா. பூட்டிய அறைக்கு வெளியே நிற்கும் காவலர் செவிசாய்த்தால்தான் அவரது வலி மருத்துவரைச் சென்றடையும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவைக் குறைக்கவே சட்டம் முயல்கிறது.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு உயிர்வாழும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. சிறைத்தண்டனை பறிப்பது நடமாடும் உரிமையையே. உயிர்வாழும் உரிமையை அன்று. மேலும், நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் பெரும்பான்மையோர் குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள் என்பதையும் மறத்தலாகாது.

1984ஆம் ஆண்டு பெங்களூரு மத்தியச் சிறையிலிருந்த ஒருவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1996இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, சிறைகளின் ஒன்பது சிக்கல்களுள் ஒன்றாக உடல்நலப் புறக்கணிப்பைச் சுட்டியது. வெளியில் உள்ளோர்க்குக் கிடைக்கும் மருத்துவ வாய்ப்பு சிறைவாசிக்கு இல்லை. சிறைச்சூழலோ அவரை மேலும் நோய்க்கு ஆளாக்குகிறது. இவ்வாறு அவர் இருமடங்கு இடர்ப்படுவதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது.

வியப்பு என்னவெனில், இதற்கான விதிகள் 1894ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் சட்டத்திலேயே உள்ளன. ஆங்கிலேயர் கருணையால் அவற்றை இயற்றினர் என்று கொள்ள வேண்டா; கைதிக்குப் பிரம்படி கொடுக்க இசைந்த சட்டமும் அதுவே. எனினும் அதன் 37ஆம் பிரிவு தெளிவானது. மருத்துவரைக் காண விரும்புவோர், உடலாலோ மனத்தாலோ நலிந்து தோன்றுவோர் ஆகியோரின் பெயர்களைப் பொறுப்பிலுள்ள காவலர் காலந்தாழ்த்தாமல் சிறை அலுவலரிடம் தெரிவித்தல் வேண்டும். அடுத்த பிரிவின்படி, மருந்து வழங்கும் ஆணை, மருத்துவ அலுவலர் தாமே நிறைவேற்றுவன ஆகியவை தவிர அவர் தரும் மற்ற ஒவ்வோர் அறிவுரையும் சிறைவாசியின் ‘வரலாற்றுச் சீட்டு’ முதலிய பதிவில் நாள்தோறும் எழுதப்பட வேண்டும். அது நிறைவேற்றப்பட்டதா, இல்லையா என்பதைச் சிறை அலுவலர் தேதியுடன் குறிக்க வேண்டும்.

விதி இருந்தும் நடைமுறை தடுமாறுவது பெரும்பாலும் சிறையின் வாயிலில்தான். சிறை மருத்துவமனையில் போதிய வசதி இல்லாதபோது, நோயாளியை வெளியே அழைத்துச் செல்ல வழிக்காவலர் வேண்டும். அவர்கள் கிடைக்காத நாளில் மருத்துவமும் தள்ளிப்போகிறது. காவலர் பற்றாக்குறை நோய்க்குத் தெரியாது. அந்நிலையில் சிறைவாசியோ அவர் குடும்பத்தாரோ 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். காவலில் உள்ளவருக்கு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித்தர 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வழிசெய்கிறது.

சிறைச்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சிறைவாசி ஒருவர் இறந்தால் மருத்துவ அலுவலர் பதிவேட்டில் எழுத வேண்டியவற்றைக் கூறுகிறது. இறந்தவர் நோயென முதலில் முறையிட்ட நாள் அவற்றுள் ஒன்று. அந்நோய் குறித்து மருத்துவ அலுவலருக்கு முதலில் தெரிவிக்கப்பட்ட நாள் மற்றொன்று. இறப்பை விசாரிக்கும் நீதித்துறை நடுவர் முதலில் காண வேண்டியது, இவ்விரு நாள்களுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது என்பதையே.