கார்டீனியாவுக்கும் குளிருமா? ஊவா மலையில் அடுக்கடுக்கான ஆச்சரியங்கள்!

கம்பளிச் சட்டையோடு ரயிலேறி, வியர்த்து வழிய இறங்கியிருக்கிறீர்களா? பட்டிப்பொலவில் ஏறிப் பதுளையில் இறங்கிப் பாருங்கள்! இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல: 1,891 மீற்றர். அடுத்து வரும் நிலையம் ஒஹியா, 1,774. அப்புறம் ஹப்புத்தளை 1,431, பண்டாரவளை 1,225, எல்ல 1,041... பதுளைக்கு வந்தால் வெறும் 650 சொச்சம்! ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஆறு, ஆறரைப் பாகை சூடு கூடும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் ஒரே ரயில் பயணத்தில் எட்டுப் பாகை செல்சியஸ் வித்தியாசம்!

இதில் இன்னொரு வேடிக்கை தெரியுமா? பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் நடுவே ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. இந்தப் பக்கம் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். சுரங்கத்தைத் தாண்டியதும் பளீரென்று வெயில்! சில நாட்களில் அப்படியே தலைகீழ்!

சரி, இதற்கும் கார்டீனியாவுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய! பங்களாத் தோட்டங்களில் வெள்ளை வெளேரென்று பூத்து, வாசலைத் தாண்டியும் மணக்குமே, அந்தச் செடிதான். அதே செடி பதுளை நகரத்தில் இருந்தால் தை மாதத்திலும் போர்வை கேட்காது. ஒஹியாவில் இருந்தால்? சாக்கைத் தேட வேண்டியதுதான்!

வெப்பமானி 4 பாகை காட்டும்போதே இலையில் பனிக்கட்டி உட்காரும், தெரியுமா? நம்ப முடியவில்லையா? வெப்பமானி நிற்பது நம் இடுப்புக்கு மேலே. இலை கிடப்பதோ தரையை ஒட்டி! மேகமில்லாத இரவில் தரையும் இலையும் தம் சூட்டையெல்லாம் வானத்துக்கு வீசிவிடும். சுற்றியுள்ள காற்றைவிட இலை இன்னும் குளிர்ந்து, பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். நம் பத்திரிகைகள் ஒவ்வொரு தை மாதமும் நுவரெலியாப் பக்கம் 'துகள் உறைபனி' என்று படம் போடுகின்றனவே, அது வானத்திலிருந்து விழுந்த பனியே அல்ல! அங்கேயே, அந்த இலையிலேயே உறைந்த ஈரம்!

எந்த இரவு ஆபத்தான இரவு? மழை கொட்டும் இரவா? இல்லை! காற்று ஊளையிடும் இரவா? அதுவும் இல்லை! நட்சத்திரங்கள் அழகாக மின்னுகிற, ஒரு இலைகூட அசையாத இரவுதான்! மேகம் இருந்தால் அது தரைக்குக் கம்பளி. காற்று வீசினால் மேலே இருக்கும் சூடான காற்றைக் கீழே கலக்கிவிடும். இரண்டும் இல்லையா? அன்றைக்குத்தான் செடிக்குக் கண்டம்!

குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்துக்கு ஓடும், தெரியுமா? அது கனமானது! அதனால் மலைச்சரிவில் இருக்கும் செடி தப்பிவிடும். நூறடி கீழே, ஓடைக்கரைப் பள்ளத்தில் இருக்கும் செடி கருகும். உயரத்தில் இருப்பதுதான் அதிகம் குளிரும் என்று நினைத்தோமே! ஒரே தோட்டத்தில், ஒரே இரவில், மேல்மலை பச்சை, பள்ளம் கறுப்பு! கார்டீனியா நட இடம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மண்ணைக்கூட அல்ல, சரிவைத்தான்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் கிழவிகள் சொல்வார்கள். ஊவாக் குளிரின் நாட்காட்டியும் அச்சு அசல் இதுதான்! கார்த்திகை, மார்கழி மழை ஓயும். வானம் துடைத்துவிட்டது போலாகும். உறைபனி தைக்கும் மாசிக்கும்தான் வரும்! வெப்பமானி இல்லாத காலத்துப் பழமொழி இது!

உறைபனி விழுந்தால் நட்டம் பூவுக்கு மட்டுமா? தேயிலைக் கொழுந்தும் கருகும்! கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். பங்களாவில் ஒரு பூச்செடி வாடுவதும் லயத்தில் ஒரு நாள் சம்பளம் பாதியாவதும் ஒரே இரவின் வேலையாக இருக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன்.

இனிச் செடியைக் காப்பாற்றுவோம்! மிகச் சிறந்த ஆயுதம் எது தெரியுமா? பழைய சாக்கு! ஆமாம், ஒரு பழைய சணல் சாக்கு! பொழுது சாயும் முன்னே போர்த்த வேண்டும், ஏனென்றால் பிடித்து வைக்க வேண்டியது பகலில் தரை குடித்த சூட்டை. தண்டில் இறுக்கிக் கட்டினால் ஒரு பயனும் இல்லை! நாலு குச்சி நட்டு, துணி தரைவரை தொங்கும்படி விரிக்க வேண்டும். தரையிலிருந்து வரும் சூடுதான் செடியைக் காக்கிறது. சாக்கு சும்மா கதவைச் சாத்துகிறது, அவ்வளவே!

பிளாஸ்டிக் படங்கு போடலாமா? இலையில் படாமல் இருந்தால் போடலாம். பட்டால், பட்ட இடமெல்லாம் கருகும்! காலையில் வெயில் ஏறியதும் எடுக்க மறந்தால்? உள்ளே செடி வெந்துவிடும்! குளிருக்குத் தப்பிய செடியைச் சூட்டில் கொல்லலாமா?

தண்ணீர் ஊற்றினால் செடிக்குக் கதகதப்பு, தெரியுமா? ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்கும், இரவில் மெல்ல விடும். ஆக, உறைபனி வரும் என்று தோன்றினால் பகலிலேயே வேருக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள்!

இதைவிடப் பெரிய அதிசயம் கேளுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது எவ்வளவு வெப்பம் வெளிவரும்? இன்னொரு லீற்றர் தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கும் அளவு! அதனால்தான் அமெரிக்காவின் புளோரிடாவில் உறைபனி இரவுகளில் பழத்தோட்டங்கள் மீது விடிய விடியத் தண்ணீர் தெளிக்கிறார்கள். செடி முழுக்கக் கண்ணாடிபோல் பனி மூடியிருக்கும். உள்ளே மொட்டு உயிரோடு இருக்கும்! ஆனால் நடுவில் தண்ணீர் நின்றுபோனால் தொலைந்தது. மின்வெட்டு வரும் ஊரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

கடல் தாண்டி ஊட்டிக்குப் போவோமா? 1848இல் தொடங்கிய அங்குள்ள தாவரவியல் பூங்காவில், குளிர்காலம் வந்தால் மலர்ச் செடிகளுக்குக் குல்லாய் போடுகிறார்கள்! துணி அல்ல, பிளாஸ்டிக் அல்ல. 'கோத்தகிரி மிலார்' என்ற செடியின் கிளைகளை வெட்டி வந்து கூடாரம்போல் கவிழ்க்கிறார்கள். செடிக்குச் செடியே போர்வை! எனக்குப் பிடித்த வழி இதுதான். காசு இல்லை, குப்பை இல்லை.

நம் பக்கத்தில் இல்லாததா? பத்தனைப் புல்மலைகளில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறதே! அதை வெட்டி, காயவைத்து, வேரைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினால் போதும். தண்டை மட்டும் தொடக்கூடாது, தொட்டால் அழுகல். தேயிலை மலையில் கிரவேலியா மரங்களை நட்டு வைத்திருப்பதும் வீணுக்கல்ல! ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தின் கிளைகள் இரவில் தரைச்சூடு வானத்துக்கு ஓடாமல் மறிக்கின்றன. அதன் கீழே ஒரு கார்டீனியா வைத்தால், கூலி வாங்காத காவல்காரன்!

தண்ணீர் பூச்சியத்தில் உறையும் என்று படித்தோமே, அது எப்போதும் உண்மையல்ல, தெரியுமா? மிகத் தூய நுண்துளி கழித்தல் 38 பாகை வரைகூட உறையாமல் கிடக்கும்! அப்படியானால் கழித்தல் 2 பாகையிலேயே இலை உறைவது எப்படி? குற்றவாளி ஒரு பாக்டீரியா! சூடோமோனாஸ் சிரிங்கே என்று பெயர். இலைமேல் உட்கார்ந்துகொண்டு பனிக்கட்டிக்கு அச்சு வார்த்துக் கொடுக்கிறது! அந்தத் திறமை பறிக்கப்பட்ட பாக்டீரியாவை உருவாக்கி, 1987இல் கலிபோர்னியாவில் ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் தெளித்தார்கள். மரபணு மாற்றிய நுண்ணுயிரை அனுமதியோடு திறந்தவெளியில் விட்டது அதுவே முதல் முறை!

இப்போது தலைகீழாக ஒரு செய்தி! குளிர் இல்லாவிட்டால் கார்டீனியா நன்றாகப் பூக்காது, தெரியுமா? மொட்டுக் கட்ட அதற்கு இரவில் 16 முதல் 18 பாகை வேண்டும். இரவு புழுக்கமானால் மொட்டு திறக்காமலே உதிரும்! கொழும்பில் வாங்கி வைத்து, 'இலைதான் வருது, பூ வரலையே' என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்குப் பதில் கிடைத்ததா? பண்டாரவளையில் தை மாத இரவுகள் 15 பாகையைச் சுற்றி நிற்கும். பதுளையில் 18ஐ ஒட்டி. அளந்து வைத்த மாதிரி! நாம் சாக்கால் மூடுவது குளிரிலிருந்து அல்ல, உறைபனியிலிருந்து மட்டும்தான்!

மண்ணும் அப்படியே! கார்டீனியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும். pH அளவு 5க்கும் 6க்கும் நடுவே. தேயிலை கேட்பது 4.5 முதல் 5.5. சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் கார்டீனியா இலை மஞ்சளாகும். தேயிலை மலை மண்ணில் வைத்தால் பச்சை மினுங்கும்!

கார்டீனியாவின் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? கோப்பி! சிங்கோனா! நம் வீட்டு இட்லிப்பூ! எல்லாம் ஒரே குடும்பம்! ஊவாவைத் தோட்டங்களாக மாற்றியதே இந்தக் குடும்பம்தான். பதுளைக்குப் போகும் வீதியில் இருக்கிற ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கியது பூவுக்காக அல்ல, மலேரியா மருந்து தரும் சிங்கோனாவை வளர்த்துப் பார்க்க! 1880களின் நடுவில் இலங்கை ஒரே ஆண்டில் ஏற்றுமதி செய்த சிங்கோனாப் பட்டை சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல்! அப்புறம் விலை விழுந்தது, மரமும் விழுந்தது.

கோப்பியை வீழ்த்தியது எது? குளிரா? உறைபனியா? ஒரு பூஞ்சணம்! 1869இல் நம் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பூஞ்சண அறிஞர் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். இருபது ஆண்டு கழிந்ததும் இலங்கைக் கோப்பி ஏறக்குறைய முடிந்த கதை! அந்த இடத்தில் ஏறியதுதான் தேயிலை. டம்பேதன்னைத் தோட்டத்தை லிப்டன் வாங்கியது 1890இல்!

சீனாவிலிருந்து தேயிலையைத் திருடிய மனிதர் கார்டீனியாவையும் விடவில்லை, தெரியுமா? ராபர்ட் போர்ச்சூன்! தலையை மழித்து, சடை ஒட்டி, சீன உடை போட்டு உள்ளே நுழைந்து, சுமார் 20,000 தேயிலைச் செடிகளை இமயமலைப் பக்கம் அனுப்பியவர். அதற்கு முன்னே, 1840களில், பெரிய அடுக்குப் பூ கார்டீனியாவை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவரும் இவரே! அந்த வகைக்கு இன்றும் அவர் பெயர்: போர்ச்சூனியானா! சீனாவில் கார்டீனியாப் பூவைப் போட்டுத் தேயிலைக்கு மணம் ஏற்றுவதும் உண்டு!

ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றுவது பூ அல்ல, காற்று! ஆடி, ஆவணியில் கச்சான் வீசும். மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு இறங்கும் காற்று. பகல் வறட்சியிலும் இரவுக் குளிரிலும் செடி திண்டாடும்; அந்தத் திண்டாட்டத்தில்தான் உலகப் புகழ் வாசனை பிறக்கிறது! அதில் ஒரு வேதிப்பொருள் மெதில் சலிசிலேற்று. மூட்டுவலித் தைலத்தில் மணக்கிற அதே பொருள்! இன்னொன்று லினலூல். அது கார்டீனியாப் பூவிலும் இருக்கிறது!

கார்டீனியாக் காயில் குங்குமப்பூவின் மஞ்சள் இருக்கிறது, தெரியுமா? இரண்டிலும் குரோசின்! அதே காயிலிருந்து எடுக்கும் ஜெனிபின், புரதத்தோடு சேர்ந்தால் பளீர் நீலம்! 2025 ஜூலையில் அமெரிக்கா இந்தக் கார்டீனியா நீலத்தை உணவு வண்ணமாக அனுமதித்தது. பூ வெள்ளை, காய்ச்சாறு மஞ்சள், அதே காயில் நீலம்!

இலங்கைக்கே சொந்தமான கார்டீனியாவும் உண்டு! பெயர் கார்டீனியா ஃபோஸ்பெர்கி. உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. வறண்ட காட்டு மரம் அது. போர்வை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது! அமெரிக்காவிலோ நேரெதிர்: 'க்ளைம்ஸ் ஹார்டி' என்ற குட்டை வகையைக் கழித்தல் 12 பாகை வரை தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ஒஹியாவுக்குத் தாராளம்!

கடைசியாக, எல்லாம் செய்தும் ஒரு விடியலில் செடி கருகிக் கிடந்தால்? உடனே கவ்வாத்துப் போடாதீர்கள்! வெட்டினால் புதுத் தளிர் வரும். அடுத்த உறைபனி அந்தத் தளிரைத்தான் முதலில் தின்னும். உரமும் போடாதீர்கள், அதே காரணம்! வெயில் ஏறும் முன்னே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். சில வாரம் பொறுங்கள். பிறகு நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிகிறதா? செடி சாகவில்லை! கத்தியைத் திரும்ப உள்ளே வையுங்கள், பங்குனி வரட்டும்!