வளைவைச் சீவ ஒரு கருவி: ஸ்போக்ஷேவ்

ரயிலே இல்லாத கார் நிக்கோபாரில், ஓய்வு பெற்ற ரயில்வே என்ஜினியருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மகனுக்கு இங்கே அரசுப் பணி. கூட வந்தவன் பொழுது போகாமல் மரவேலையில் இறங்கினேன்.

சென்ற ஆண்டு பக்கத்து நிக்கோபாரிப் பெரியவர் ஒரு துடுப்பைக் கொண்டுவந்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவர்கள் வீட்டு ஹோடி போய்விட்டது. தப்பியது அவருடைய தந்தை செதுக்கிய இந்தத் துடுப்பு ஒன்றுதான். தண்டும் அகன்ற அலகும் சேரும் கழுத்துப் பகுதி கனமாக இருக்கிறது, கொஞ்சம் சீவித் தர முடியுமா என்று இந்தியில் கேட்டார். இதென்ன பிரமாதம் என்று வாங்கிக்கொண்டேன்.

சாதாரண இழைப்புளியின் அடிப்பலகை நீளமானது, குழிவில் இறங்காது. ஸ்போக்ஷேவின் அடி மிகக் குட்டை, இரு பக்கமும் கைப்பிடி. மேல்நாட்டில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைச் சீவ வந்த கருவி, பெயரும் அதனால்தான். இதில் இரண்டு வகை உண்டு. தட்டை அடி, நேரான பகுதிக்கும் மேடான வளைவுக்கும். உருண்டை அடி, குழிவுக்கு. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் தட்டையை வாங்குங்கள். ஸ்டான்லி 151 மாதிரி இரண்டு திருகு வைத்தது நல்லது. அலகை எவ்வளவு நீட்டுவது என்பதை மயிரிழை அளவில் சரிசெய்யலாம்.

என்னிடம் இருந்தது தட்டை மட்டுமே. துடுப்பின் கழுத்துக் குழிவில் அலகு மரத்தைத் தொடவில்லை. பொறுமையில்லாமல் அலகை இன்னும் வெளியே நீட்டினேன். போதாததற்கு மெல்லிய தண்டிலிருந்து அகன்ற பக்கம் நோக்கித் தள்ளினேன். அலகு நாருக்கு அடியில் புகுந்து, ஒரு விரல் நீளத்துக்குச் சிம்பு பெயர்த்து எடுத்துவிட்டது. முப்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு அன்று கை நடுங்கியது.

எப்போதும் அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் சீவ வேண்டும். குழிவு என்றால் இரு முனையிலிருந்தும் நடுப்பள்ளம் வரை மட்டும். அங்கே நிறுத்தி, மறுபக்கம் திரும்பிச் சீவுங்கள். புடைப்பு என்றால் உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்குங்கள். கட்டைவிரல்கள் பின்னால், ஆள்காட்டி விரல்கள் முன்னால், அலகுக்கு அருகில் இருக்கட்டும். கருவி கடகடவென்று அதிர்ந்தால் அலகு அதிகம் நீண்டிருக்கும், அல்லது மழுங்கியிருக்கும், அல்லது அதைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும்.

சாணை பிடிப்பதும் லேசில்லை. அலகு குட்டையானதால் கையில் நிற்காது. ஒரு மரத்துண்டில் ரம்பத்தால் வெட்டுவாய் போட்டு, அதில் அலகைச் செருகிக்கொண்டு 25 பாகையில் எண்ணெய்க் கல்லில் தேயுங்கள்.

உருண்டை அடியைச் சென்னையிலிருந்து வரவழைத்து, எதிர்த்திசையில் மெல்ல மெல்லச் சீவிப் பெயர்ந்த இடத்தை மறைத்தேன். கழுத்து அவர் கேட்டதைவிட மெலிந்துவிட்டது. நடந்ததைச் சொல்லித்தான் கொடுத்தேன். பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவருடைய பேரன்தான் அதில் துடுப்பு போடுகிறான்; பெரியவர் புதிதாக ஒன்று செதுக்கிக்கொண்டார்.

கடற்காற்றில் அலகு இரண்டே நாளில் துருப்பிடிக்கும். இங்கே தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, ஆனால் அது நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெயையே தடவுங்கள். என்னுடைய இரண்டு கருவிகளும் வீட்டில் சும்மாதான் இருக்கின்றன. தேவைப்படும் உறுப்பினர்கள் தாராளமாக வாங்கிப்போகலாம்.