ஒசூர் மண்ணில் கிவி காய்க்குமா?

டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில் நமது பழக்கடைகளில் முதலில் தீர்ந்துபோவது கிவிப் பழம்தான். இவ்வளவு விலை கொடுத்து வெளியிலிருந்து தருவிப்பானேன், ஒசூர்க் குளிரில் இங்கேயே பயிரிட்டால் என்ன என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கிறார்கள். ரோஜா இங்கு வந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாவதைப் பார்த்தவர்கள் நாம். கையில் கொஞ்சம் நிலமும் இருந்தால் ஆசை வருவது இயல்பே. ஆனால் நாற்றுக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு பழைய செய்தியை அறிவது நல்லது.

இந்தியாவில் கிவிக்கொடியை முதலில் நட்டது நம் பக்கத்து ஊரான பெங்களூரின் லால்பாக்கில்தான். 1960 வாக்கில் அழகுக்கொடியாக வைத்தார்கள். கொடி இருந்தது, பழம் வரவில்லை. 1963-இல் ஏழு ரகங்களைச் சிம்லாவில் நட்டார்கள். அங்கே 1969-இல் காய்த்தது.

காரணம் குளிர்தான். கிவிக்கொடி இலையுதிர்த்து உறங்கும் பருவத்தில் 7 டிகிரிக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் பூ எடுக்கும். கடைகளுக்கு அதிகம் வரும் 'ஹேவார்ட்' ரகத்துக்கு 700 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஒசூர் சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் நாம் போர்வையைத் தேடினாலும் பத்து மணிக்கு வெயில் ஏறிவிடுகிறது. கணக்கு சேராது. கிருஷ்ணகிரி இன்னும் தாழ்வு, அங்கே பேச்சுக்கே இடமில்லை. ரோஜாவுக்கு இந்த உறக்கம் அவசியமில்லை, அதனால் பிழைத்தது.

'அலிசன்', 'அபாட்' போன்றவற்றுக்குக் குளிர் சற்றுக் குறைவாகப் போதும் என்பது உண்மை. அவையும் மலைப்பிரதேச ரகங்களே. தவிர, ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. எட்டுப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடியாவது வேண்டும். புது ரகம் என்று நாற்று விற்க வருபவரிடம், நமது உயரத்தில் எந்தத் தோட்டத்தில், எத்தனை பருவம் காய்த்தது என்று கேளுங்கள். போய்ப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

நமக்கு ஆதாயம் விற்பனையில் இருக்கிறது. நியூசிலாந்தில் அறுவடை மார்ச் முதல் ஜூன் வரை. இமாச்சல், அருணாச்சலப் பழம் அக்டோபருக்குப் பின் வரும். அருணாச்சலத்தின் ஜிரோ பள்ளத்தாக்குப் பழம் 2020-இல் இயற்கை விவசாயச் சான்றும் பெற்றது. ஆண்டு முழுவதும் சரக்குக்குப் பஞ்சமில்லை.

காயாகவே வரும் பெட்டியைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அன்றாட விற்பனைக்கு வேண்டியதை மட்டும் வாழைப்பழத்தோடு ஒரு பையில் போட்டு மூடினால் சில நாளில் கனியும். மீதிப் பெட்டியை வாழைத்தார் பக்கம் அண்டவிடாதீர்கள். மொத்தமும் ஒரே சமயத்தில் பழுத்துக் கழிவாகும்.