தெரிந்தும் பேசாத பிள்ளை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், விளக்கு வைக்கும் வேளையில், நமது பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒரு தாயும் மகனும் வந்து காத்திருந்தனர். தாய் இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு, பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துபவர். தந்தைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மகன் பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவில் மூன்றாம் ஆண்டு மாணவன். பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழ் வழியிலேயே பயின்றவன்.

"சாமி, இவனுக்குத் தெரியாம ஒண்ணும் இல்ல. தெரிஞ்சும் வாயத் தொறக்காம வந்துட்டான். நீங்களே கேளுங்க" என்றார் தாய். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

நடந்தது இன்டர்ன்ஷிப் நேர்காணல். வாசகர்களுள் பெற்றோர் பலருக்கு இச்சொல் புதிதாயிருக்கலாம். கல்லூரிப் படிப்பு முடிவதற்கு முன்பே, விடுமுறையில் ஆறு அல்லது எட்டு வாரங்களோ, இறுதியாண்டில் சில மாதங்களோ, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து மெய்யான வேலையைப் பழகுவதே இன்டர்ன்ஷிப். நல்ல நிறுவனங்கள் இக்காலத்திற்கு உதவித்தொகை தருகின்றன. மாணவனின் வேலை பிடித்துப்போனால், படிப்பு முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்று அப்போதே நியமனமும் அளித்துவிடுவதுண்டு. ஆகையால்தான் இரண்டு மாதப் பயிற்சிக்கு நடக்கும் தேர்வு, வேலைக்கு நடக்கும் தேர்வைப் போலவே கடுமையாக இருக்கிறது. முதலில் கணினி வழியாக ஓர் எழுத்துத் தேர்வு. ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்திற்குள் இரண்டு மூன்று கணக்குகளுக்கு நிரல் எழுத வேண்டும். அதில் தேறியவர்களை மட்டும் நேர்காணலுக்கு அழைப்பார்கள். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் இது பெரும்பாலும் காணொளி வழியாகவே நடைபெறுகிறது. பொறியாளர் ஒருவர் திரையில் தோன்றி ஒரு கணக்கைக் கொடுப்பார். மாணவன் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும் அவருக்கும் அக்கணமே தெரியும்.

நமது பையன் எழுத்துத் தேர்வில் எளிதாகத் தேறியவன். நேர்காணலில் அவனுக்கு வந்த கணக்கை இங்கே எழுதுகிறோம்; கணினி அறியாதவர்க்கும் அது விளங்கும். எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எந்த இரண்டைக் கூட்டினால் 100 வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் கூட்டிப் பார்ப்பது ஒரு வழி. சரியான வழியே, ஆனால் எண்கள் ஆயிரம் இருந்தால் 4,99,500 இணைகளைச் சோதிக்க நேரும். மற்றொரு வழி, ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்வது. வரிசையில் 37 வருகிறதா? 63 ஏற்கெனவே நோட்டில் இருக்கிறதா என்று பார். இல்லையெனில் 37ஐ நோட்டில் எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போ. ஆயிரம் எண்களையும் ஒரே முறை கடந்தால் வேலை முடிந்தது. கணினியில் அந்த நோட்டு, தேடிய எண்ணை ஏறக்குறைய உடனே காட்டிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும்.

இவ்விரண்டு வழிகளும் அந்தப் பையனுக்குத் தெரியும். திண்ணையிலேயே அமர்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் நமக்கு எழுதிக் காட்டினான்.

"பிறகு ஏன் தம்பி சொல்லவில்லை?" என்றோம்.

"முதல் வழி மட்டமானது பாதர். அதைச் சொன்னா இவ்வளவுதான் தெரியுமான்னு நினைச்சுடுவாங்க. ரெண்டாவது வழியை முழுசா யோசிச்சு முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் யோசித்துக்கொண்டிருந்தது ஏறத்தாழ எட்டு நிமிடங்கள். இடையில் அந்தப் பொறியாளர், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் அன்பாகவே கேட்டிருக்கிறார். நம் பையன் சொன்ன மறுமொழி: "நத்திங் சார்."

இந்த மறுமொழியை நாம் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. சொல்லத்தக்க அளவில் எதுவும் இன்னும் முடியவில்லை, ஐயா என்பதே அவன் சொல்ல வந்தது. அரைகுறையானதைப் பெரியவர் முன் வைக்கலாகாது என்னும் பணிவு அது. எதிரே இருந்தவர் கேட்டதோ, என்னிடம் ஒன்றுமில்லை என்பது. மனத்துக்குள் ஓடியதை அவர் எப்படிக் காண்பார்? திரையில் அவர் கண்டது வெறும் பக்கம். காதில் கேட்டது மௌனம். நேரம் முடிந்ததும் நன்றி கூறி அனுப்பிவிட்டார்.

இதில் பையனைக் குறை சொல்வதற்கு முன் நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இவனை இப்படி வளர்த்தவர் யார்? வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றோம். வகுப்பில் விடை தெரிந்தவன் மட்டும் கை தூக்கு என்றோம். தவறான விடை சொன்னவனைப் பார்த்து வகுப்பே சிரித்ததை ஆசிரியர்கள் அனுமதித்தோம். நாமும் பள்ளியில் மறைக்கல்வி நடத்திய ஆண்டுகளில் இதைச் செய்ததுண்டு. தேர்வுத் தாளில் இறுதி விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போடக் கற்பித்தோம். அவ்விடைக்கு எப்படி வந்தாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னவர் எத்தனை பேர்? பதினைந்து ஆண்டுகள் மௌனத்தைப் பழக்கிவிட்டு, ஒரு பிற்பகலில் நாற்பத்தைந்து நிமிடம் வாய் ஓயாமல் சிந்தித்துக் காட்டு என்றால் பிள்ளை என்ன செய்வான்?

அந்த நாற்காலியில் இருப்பவர் விடையை மட்டும் தேடுவதில்லை. நாளை இவன் நம்மோடு ஒரே மேசையில் வேலை செய்தால் இவனோடு பேசி ஒரு சிக்கலை அவிழ்க்க முடியுமா என்று பார்க்கிறார். ஆகவே அந்த "மட்டமான" முதல் வழியை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் சரியான தொடக்கம். இது வேலை செய்யும், ஆனால் மெதுவானது, ஏன் மெதுவானதென்றால் இத்தனை இணைகளைப் பார்க்க வேண்டும், இதை விரைவாக்க ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம் என்று படிப்படியாகப் போனால், பாதி வழியில் நின்றுவிட்டாலும் பாதி மதிப்பு உண்டு. தடம் மாறிப் போனால் அவரே ஒரு குறிப்புக் கொடுத்துத் திருப்பிவிடுவார். பேசாதவனுக்கு எந்த இடத்தில் குறிப்புக் கொடுப்பது?

கேள்வி கேட்டவரையே திருப்பிக் கேட்பதும் அங்கே முறையே. எதிர்மறை எண்கள் வருமா? 50 ஒரே முறை இருந்தால் அதையே இரண்டு தடவை கூட்டிக்கொள்ளலாமா? இரண்டு எண்களும் கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும்? இவை அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. கொத்தனார் சுவர் எழுப்புமுன் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லையா, அதைப் போன்றவை. ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறு சிறு வாக்கியங்கள் போதும். இலக்கணப் பிழைக்காகத் தள்ளப்படுபவர்களைவிட, பிழை வருமோ என்று அஞ்சி வாய் மூடியதால் தள்ளப்படுபவர்களே மிகுதி என்பது நம் எண்ணம்.

இத்தேர்வு முறை குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2020இல் வெளியாயிற்று. கணினி பயிலும் 48 மாணவர்களுக்கு ஒரே வகைக் கணக்கைக் கொடுத்து, சிலரைத் தனியறையில் விட்டார்கள். மற்றவர்களை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கியபடியே செய்யச் சொன்னார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன், தனியே விடப்பட்டவர்களின் திறனில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்களைப் பொறுத்தவரையில், தனியறையில் செய்த அனைவரும் தேறினர். பார்வைக்கு முன் செய்த அனைவரும் தவறினர். எண்ணிக்கை சிறியதுதான். ஆயினும் அறிவை அளக்கப் புகுந்தவர்கள் அச்சத்தையும் சேர்த்தே அளக்கிறார்கள் என்பது தெளிவு. உலகெங்கும் நிரலர்கள் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ என்னும் மென்பொருளை ஆக்கிய மேக்ஸ் ஹோவெல், 2015இல் கூகிள் நிறுவனத்தின் நேர்காணலில் தாம் தேறவில்லை என்பதைத் தாமே வெளியிட்டார். எனவே ஒரு மின்னஞ்சலில் "வருந்துகிறோம்" என்று வந்தால், பிள்ளைக்கு மூளை இல்லை என்று வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பையனுடைய மாமா ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், புதிர்க் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கித் தந்திருந்தார். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பன போன்ற கேள்விகள் ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்தன. அவற்றால் எதையும் கணிக்க முடியவில்லை, வெறும் கால விரயம் என்று கூகிளின் பணியாளர் துறைத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013இலேயே கூறிவிட்டார். புத்தகத்தை மாமாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம்.

பிறகு அவனுடைய பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தோம். முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் கருவி என்று ஒரு பெரிய திட்டம் அதில் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து செய்தது; இவன் பங்கு என்னவென்று கேட்டால் திணறினான். நேர்காணலிலும் இதே இடத்தில் திணறியிருக்கிறான். நகரங்களில் ப்ராஜெக்ட் சென்டர் என்று பலகை மாட்டிய கடைகளில் காசு கொடுத்துத் திட்டத்தை வாங்கி, தன் பெயரை ஒட்டிக்கொண்டு போகும் மாணவர்களும் உளர். முதல் கேள்விக்கு அது தாங்கும், இரண்டாவதற்குத் தாங்காது.

"நீயாகச் செய்தது எதுவும் இல்லையா?" என்றோம். அவன் தயங்கினான். தாய் முந்திக்கொண்டார். "பால் கணக்குப் போடுறதுக்கு போன்ல ஒண்ணு பண்ணிக் குடுத்தானே சாமி!"

காலையும் மாலையும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான மற்றச் சத்து எவ்வளவு என்று பதிந்தால், பட்டுவாடா நாளில் சங்கம் தரவேண்டிய தொகையைக் கூட்டிச் சொல்லும் சிறு செயலி அது. அத்தெருவில் மேலும் நான்கைந்து வீட்டார் அதையே பயன்படுத்துகின்றனர். ஒரு முறை சங்கத்தின் கணக்கில் இருந்த பிசகைக்கூட அது காட்டிக்கொடுத்திருக்கிறது. இதை ஏன் எழுதவில்லை என்றதற்கு, "மாட்டுப் பால் விஷயம் பாதர், அதைப்போய் எப்படி…" என்று இழுத்தான். முகம் பார்க்கும் கருவியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பால் கணக்கை எழுதச் செய்தோம்.

அன்று முதல் வாரம் மூன்று நாள் மாலையில் நமது திண்ணையில் ஒத்திகை. அவன் கணக்கை வாய்விட்டுப் போடுவான். கேட்பவர் அவன் தாய். அந்த அம்மாவுக்கு நிரல் தெரியாது. "ஏன்?" என்று கேட்கத் தெரியும். நோட்டு வைத்துக்கொள்ளும் வழியை அவன் விளக்கியபோது, "நம்ம பால் நோட்டு மாதிரியா?" என்றார். எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தால் என்ன செய்வாய் என்று நாம் கேட்டோம். சிறிது நேரம் வாயடைத்தான். தாய் விரலால் திண்ணையைத் தட்டினார். உடனே பேசத் தொடங்கினான். இரு முனைகளிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொள்ளலாம், கூட்டுத்தொகை 100ஐ மிஞ்சினால் வலது விரலை உள்ளே நகர்த்தலாம், குறைந்தால் இடது விரலை நகர்த்தலாம், நோட்டே வேண்டாம் என்று தானே கண்டு சொன்னான். அந்த மாலை நமக்கும் மகிழ்ச்சியான மாலை.

இடையில் அவனுடைய நண்பன் ஒருவன், செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் திரையின் ஓரத்தில் மறைத்து வைத்து விடையைப் படித்துவிடலாம் என்று யோசனை கூறினான். படிக்கும் கண் ஒரு பக்கமாக ஓடுவதைப் பார்ப்பவர் அறிவார்; "ஏன்" என்று ஒரு முறை கேட்டால் வேடம் கலைந்துவிடும். இன்னொரு வலையும் வந்தது. சில ஆயிரம் ரூபாய் கட்டினால் நேர்காணலே இல்லாமல் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு. பெற்றோரே, வேலை பழக்குகிறவர் நம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். நம்மிடம் வாங்கக் கூடாது. பசுவை விற்றாவது கட்டிவிடலாமா என்று அந்தத் தாய் கேட்டபோது நமக்கு நெஞ்சு பதறிற்று. தமிழக அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளைப் பற்றிக் கல்லூரியிலேயே கேட்டறியலாம். அதற்குப் பசுவை விற்க வேண்டியதில்லை.

இரண்டாவது நேர்காணல் நமது அலுவலக அறையில் நடந்தது. அவர்கள் வீட்டில் அலைபேசிக் கோபுரத்தின் வீச்சு சரியாக எட்டுவதில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே அமர்ந்திருந்தோம். உள்ளே அவன் குரல் ஓயாமல் கேட்டது. அதிலும் அவன் தேர்வாகவில்லை. இரண்டாம் கணக்கு உண்மையிலேயே தெரியாத கணக்கு. ஆனால் இம்முறை அவன் தலை குனிந்து வரவில்லை. எங்கே சிக்கினேன் என்று நமக்கே விளக்கத் தொடங்கிவிட்டான்.

மூன்றாவதாக அழைத்தது கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறு நிறுவனம். ஒரு மணி நேர நேர்காணலில் ஏறக்குறைய பாதி நேரம் பால் கணக்கைப் பற்றியே கேட்டார்களாம். கொழுப்பளவைத் தவறாகப் பதிந்துவிட்டால் உன் செயலி என்ன செய்யும் என்று ஒருவர் கேட்க, ஒன்றும் செய்யாது சார், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, எப்படிச் சரிசெய்யலாம் என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கியிருக்கிறான். வரும் கோடையில் எட்டு வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், உதவித்தொகையும் உண்டு. தங்குவதற்கு இடம் பார்க்க வேண்டும்.

"அந்த ரெண்டு மாசம் பால் கணக்கை யார் பதிவா?" என்று தாயைக் கேட்டோம்.

"நானேதான் சாமி. கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, மாலைப் பால் கறக்கும் நேரமாயிற்று என்று எழுந்தார்.