வண்டி ஏன் திணறுகிறது?

தேவிகாபுரத்திலிருந்து பட்டுச்சேலைக் கட்டோடு ஆரணிக்குக் கிளம்பும் பைக், ஆக்சிலேட்டரை முறுக்கியதும் திணறுகிறதா? சைலன்சர் ‘பட் பட்’ என்று வெடிக்கிறதா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் பீங்கான் முனை பழுப்பாக இல்லாமல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால், பெரும்பாலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, காற்று மிஞ்சுகிறது என்று அர்த்தம்.

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கில் பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் சூடேறும், இழுவை குறையும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய், கார்களைப் போலவே பெட்ரோலை அளந்து தூவும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அதன் துளைகள் மிக நுண்ணியவை. வண்டியை நிறுத்தியதும், முனையில் தங்கிய பெட்ரோல் இன்ஜின் சூட்டில் வறண்டு பிசினாகப் படிகிறது. அடிக்கடி கொஞ்ச தூரமே ஓடி நிற்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை அதிகம். சாரலாகத் தூவ வேண்டியது சொட்டாக விழுகிறது.

ஆனால் எடுத்ததும் இன்ஜெக்டர்மேல் பழி போடுவது தவறு. இன்டேக் ரப்பரில் விரிசல் இருக்கிறதா, பெட்ரோல் பம்பில் அழுத்தம் சரியா என்று முதலில் பாருங்கள். அவை சரியென்றால் இன்ஜெக்டரைக் கழற்றி, அல்ட்ராசானிக் தொட்டியில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஊசியால் மட்டும் குத்த விடாதீர்கள். துளை சிதைந்தால் புது இன்ஜெக்டர்தான் வாங்க வேண்டும்.